துவர்ப்போடு தொலையும் சத்து

கடையில் வாங்கும் கோகோ தூளின் கரும்பழுப்பு நிறம் பல நேரம் மரம் தந்ததல்ல, ஆலை தந்தது. நெதர்லாந்தின் வான் ஹூட்டன் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறைப்படி, பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரப்பொருளைச் சேர்த்துப் புளிப்பையும் துவர்ப்பையும் தணிக்கிறார்கள். தூள் கறுக்கிறது, பாலில் எளிதாகக் கலக்கிறது. ஆனால் அந்தத் துவர்ப்பில்தான் இதயத்துக்கு நல்லதாகக் கருதப்படும் தாவரச் சேர்மங்களான ஃபிளவனால்கள் இருந்தன.

இழப்பு கொஞ்சநஞ்சமல்ல. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காரம் சேர்க்காத தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால். கடுமையாகக் காரமேற்றியதில் வெறும் 3.9.

இப்படி ஒருபுறம் அழிக்கும் பொருளையே மறுபுறம் கோகோ கொட்டையிலிருந்து பிரித்தெடுத்து மாத்திரையாக விற்கிறார்கள். அதன் பயனையும் மிகைப்படுத்தக் கூடாது. அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட மூத்தோர் பங்கேற்ற ‘காஸ்மாஸ்’ ஆய்வில், தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் கொண்ட சாறு தரப்பட்டது. 2022இல் வந்த முடிவின்படி, மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்தப் பாதிப்புகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் இதய, ரத்தநாள நோய் மரணங்கள் மட்டும் 27 சதவீதம் குறைந்தன.

மாத்திரையில் மில்லிகிராம் கணக்கை அச்சிட முடிகிறது. தூள் டப்பாவிலும் காரம் சேர்த்ததா, ஃபிளவனால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.