ஹீட்டரைக் கொல்லும் உப்பு!

வெந்நீருக்காக வீட்டில் ஹீட்டர் வாங்குகிறோம். உறைபனியில் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சில ஹீட்டர்களோடு வரும் குறிப்புப் புத்தகம் எச்சரிக்கிறது. சங்கரன்கோவில்வாசிகள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். மார்கழிக் குளிரிலும் இங்கே தண்ணீர் உறைவது இல்லை.

ஆனால் அந்த எச்சரிக்கை பொய் அல்ல. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. தண்ணீர் உறைந்தால், அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். உள்ளே இடம் இல்லாவிட்டால் இரும்புக் குழாய்கூட வெடிக்கும். ஆகவே, மொட்டை மாடியில் சூரிய வெப்ப ஹீட்டர் வைத்திருக்கும் மலைவாசிகள் குழாய்களுக்கு உறை போட வேண்டும். குளிர்காலத்தில் வெளியூர் போனால், தண்ணீரை வடித்துவிட்டுப் போக வேண்டும்.

நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் நம் வீட்டு ஹீட்டருக்கு ஆபத்தே இல்லை என்று இருந்துவிடலாமா? கூடாது. மலைக்குப் பனி என்றால், நமக்கு உப்பு!

கல் போன்ற படிவு

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் கரைந்து இருக்கின்றன. இவை மிகுந்தால் சோப்பு நுரைக்காது. பருப்பு சீக்கிரம் வேகாது. தண்ணீர் குளிர்ந்து இருக்கும்வரை இந்த உப்புகள் கண்ணுக்குத் தெரியா. சூடானதும் சுண்ணாம்பாகப் பிரிந்து, கல் போலப் படிந்துவிடும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பிடித்திருக்கிறதே, அதுதான் இது.

அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். புளியில் உள்ள அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. ஹீட்டரின் உள்ளே கை போகாதே! அங்கே சூடேற்றும் கம்பியின்மேல் படிவு கம்பளி போலப் போர்த்திக்கொள்கிறது. கம்பியின் சூடு சுலபமாகத் தண்ணீருக்குப் போக முடிவது இல்லை. கம்பி அளவு மீறிச் சூடேறிக் கருகிப் போகிறது.

பணம் மட்டுமா போகிறது? ஹீட்டரில் அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கிறது. அதையும் இந்தப் படிவு அடைத்துவிடலாம். கம்பியின் உறை வெடித்தால் தண்ணீரில் மின்சாரம் பாயலாம். குளிக்கப் போகிறவரின் உயிருக்கே இது ஆபத்து!

யாரும் கேட்காத கேள்வி

கடைக்குப் போனதும் எத்தனை லிட்டர், என்ன விலை, எத்தனை வருட கியாரண்டி என்று கேட்கிறோம். "உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்?" என்று கடைக்காரர் கேட்க வேண்டாமா? கேட்பவர் அரிது. பனியைப் பற்றி எச்சரிக்கும் கம்பெனிகள், உப்பைப் பற்றியும் அதே அக்கறையோடு, எளிய தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பதே நம் கருத்து.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர விதி. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. குடிக்கத் தகுந்த தண்ணீர்கூட ஹீட்டரைக் கெடுக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

உப்புத் தண்ணீரால் வரும் பழுதுக்குக் கியாரண்டி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு மேல் போகப் போகப் படிவு வேகமாகச் சேரும்.

வருடத்துக்கு ஒருமுறை, ஆடித் தபசு முடிந்த கையோடு, தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஹீட்டரைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். பல ஹீட்டர்களில் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் காக்க, அது தான் கரைந்துபோகும். கரைந்திருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். வால்வையும் எர்த் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சும் அவசியம்.

இன்னொரு வழியும் உண்டு. மழைத் தண்ணீரில் இந்த உப்புகள் மிகமிகக் குறைவு. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. அன்று போட்ட குழாய் இன்று உங்கள் வீட்டில் அடைத்துக் கிடக்கிறதா? ஐப்பசி மழைக்கு முன்னால் அதைச் சுத்தம் செய்யுங்கள். மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்க இறங்க, கிணற்றின் உப்பும் குறைய வழி உண்டு. ஹீட்டருக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.