ஒரே மூடிக்கு இரண்டு கூலி

முனிசிபாலிட்டிக்காரர்களைத் திட்டுவதில் நம்மில் யாரும் பின்வாங்குவதில்லை. தெருவுக்குப் புதிதாகத் தார் போடுவார்கள். தார் காய்வதற்குள் குடிநீர்க் குழாய்க்காரர் கடப்பாரையோடு வந்து நிற்பார். அவர் பள்ளத்தை மூடிய மறுவாரம் சாக்கடைக்காரர். அவருக்குப் பின்னால் டெலிபோன்காரர். "ஒரே தடவை தோண்டி எல்லாவற்றையும் முடித்துத் தொலைத்தால் என்ன?" என்று வாசலில் நின்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே கேள்வியை நம் சொந்தக் கார் விஷயத்தில் கேட்க மறந்து விடுகிறோம். அங்கே தோண்டுகிறவர் நம்மைக் குளிர்சாதன அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிறார். காப்பி குடித்த வாய்க்குக் கேள்வி கேட்கக் கூச்சம் வந்து விடுகிறது.

என் கதையையே சொல்கிறேன். என்னுடைய பழைய கார் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்ததும், விற்ற கம்பெனியின் சர்வீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. டைமிங் பெல்ட் மாற்றியாக வேண்டுமாம். அவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. எஞ்சினில் பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டு இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தத் தாளம் பிசகாமல் பார்த்துக்கொள்வது பல்வைத்த ஒரு ரப்பர்ப் பட்டைதான். சில வண்டிகளில் பட்டைக்குப் பதில் சங்கிலி இருக்கும், என்னுடையதில் பட்டை. ஓடும்போது அது அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் போய்த் திறந்திருக்கும் வால்வில் முட்டும். அப்புறம் பட்டையின் விலையைப் பற்றிப் பேச்சே இராது. எஞ்சினின் விலையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

ஆகவே மாற்றச் சொன்னேன். கூலி மட்டும் 5,800 ரூபாய். பட்டை சின்னது, ஆனால் அதைத் தொடுவதற்கு எத்தனையோ மூடிகளையும் தாங்கிகளையும் கழற்ற வேண்டும். பாடுபட்டவனுக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

நான்கு மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலையில் வண்டிக்கு அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மறுபடி அதே நிலையம், அதே காப்பி. "வாட்டர் பம்ப் போய்விட்டது, ஸார்" என்றார் அந்தப் பிள்ளை. எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்ற விடும் பம்ப் அது. என் வண்டியில் அந்தப் பம்பைச் சுழற்றுவதே மேற்படி டைமிங் பெல்ட்தான். இரண்டும் ஒரே மூடிக்குப் பின்னால் ஒட்டிக் குடித்தனம் செய்கின்றன. பம்பிலிருந்து கசிந்த நீர் நான்கு மாதப் புதுப் பட்டையையும் நனைத்து விட்டதால் அதையும் மாற்ற வேண்டுமாம். கூலி 5,800, பம்ப் 3,200, பட்டை 2,400, குளிர்விக்கும் திரவம் 900. ஆக 12,300 ரூபாய்.

"தம்பி, நான்கு மாதத்துக்கு முன்னால் இதே மூடியைத் திறந்தீர்களே! அப்போதே பம்பும் பழசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீங்கள் கேட்கவில்லையே, ஸார்!" என்றார்.

அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அன்றைக்கே சொல்லியிருந்தால் பம்புக்கும் திரவத்துக்கும் 4,100 ரூபாய், கூடுதல் கூலியாகச் சில நூறு. அதோடு முடிந்திருக்கும். மிச்சமெல்லாம் நான் கேட்காமல் விட்டதற்கு விதிக்கப்பட்ட அபராதம். வயிற்றைக் கிழித்த வைத்தியர், உள்ளே இன்னொரு கோளாறையும் கண்டு, ஒன்றும் சொல்லாமல் தைத்தனுப்பி, நான்கு மாதம் கழித்து மறுபடி கிழிக்கிறார் என்று வையுங்கள். "நீங்கள் கேட்கவில்லையே" என்று அவர் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தானே சம்பளம் போட்டு, கழுத்தில் அட்டை மாட்டி, ஆலோசகர் என்று அவருக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள்?

கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். "கூடுதலாக ஒரு வேலையைச் சொன்னால், பில்லை ஏற்றுகிறான் என்று வாடிக்கைக்காரர் சந்தேகப்படுகிறார்" என்பார்கள். சந்தேகப்படுவது வாஸ்தவம். ஆனால் அந்தச் சந்தேகத்தை விதைத்தது யார்? எஞ்சினுக்குள் கழுவ ஒரு திரவம், இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய ஒரு திரவம், குளிர்சாதனத்தின் வாடை போக ஒரு புகை என்று, கேட்காமலே மூன்று வரிகளைப் பில்லில் சேர்ப்பவர்கள் இவர்கள்தாமே! எந்த மூடியையும் கழற்ற வேண்டாத இந்த வேலைகளை இன்று செய்தாலும் ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் கூலி ஒன்றுதான். இவற்றைச் சொல்ல வாய் நிறைய வார்த்தை இருக்கிறது. கூலி மிச்சமாகும் பம்பைச் சொல்லத்தான் கூச்சம் வந்து விடுகிறது!

பம்போடு போகவில்லை இந்தச் சங்கதி. கிளட்ச் தட்டு தேய்ந்து போனால் கியர் பெட்டியையே கீழே இறக்க வேண்டும். இறக்கிய பிறகு, கிளட்சை விடுவிக்கும் பேரிங் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. எஞ்சின் தண்டின் பின்பக்கத்து ஆயில் சீலும் பெரும்பாலும் எட்டி விடும். சீல் என்பது ஒரு ரப்பர் வளையம், அற்ப விலை. அதை அன்று பார்க்காமல் விட்டுப் பிறகு அது கசிந்தால், கியர் பெட்டி மறுபடி இறங்க வேண்டும். ஒழுகிய எண்ணெய் புதுத் தட்டையும் கெடுத்து வைத்திருக்கும். டைமிங் பெல்ட் மாற்றும்போது அதன் இறுக்கியையும் உருளிகளையும் சேர்த்துப் பார்ப்பதும் இதே நியாயம்தான்.

இது கம்பெனிக்குத் தெரியாத வித்தை அல்ல. இன்ன வேலைக்கு இத்தனை மணி என்று தயாரிப்பாளர்கள் அட்டவணை போட்டுத் தருகிறார்கள். சேர்த்துச் செய்யும் வேலைகளுக்கு எவ்வளவு நேரம் கூட்ட வேண்டும் என்பதும் அத்தகைய அட்டவணைகளில் உண்டு. ஆகவே இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்துவிட்டு இரண்டு முழுக் கூலி போடும் சாமர்த்தியசாலியையும் கவனித்துக்கொள்ள வேண்டும். முந்தியவர் இரண்டு முறை திறந்து இரண்டு கூலி வாங்கினார். இவர் ஒரே முறை திறந்து இரண்டு கூலி வாங்குகிறார்!

வேறு கடைக்குப் போகலாமே என்பீர்கள். தெருமுனை மெக்கானிக் கெட்டிக்காரர்தான். ஆனால் அவருக்கு உதிரி பாகமும் பரிசோதனைக் கருவியும் எளிதில் கிடைக்க விடாமல் கம்பெனிகள் கதவைச் சாத்தி வைத்திருந்தன. நான் சொன்னால் கோபத்தில் சொல்கிறேன் என்பீர்கள். 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் இதை விசாரித்து, 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல் முறையீட்டுக்குப் போயின என்பது வேறு விஷயம். 2020-ல் அமலுக்கு வந்த 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வாடிக்கைக்காரருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான் என்கிறது அது. "நீங்கள் கேட்கவில்லையே" என்று இளித்துத் தப்பிக்கும் வழியைச் சட்டமே அடைத்திருக்கிறது.

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் பில்லின் கடைசி வரியை மட்டும் பார்க்கிறோம். அதில் நூறு ரூபாய் குறைத்துவிட்டால் வெற்றி வீரர்களாக வீடு திரும்புகிறோம். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் நம் அறியாமை வெளிப்பட்டுவிடுமே என்று, எல்லாம் தெரிந்தவர் போலத் தலையை ஆட்டுகிறோம். அந்தத் தலையாட்டலுக்குத்தான் நான் ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்தேன்.

அடுத்த தடவை காப்பியை மேஜைமீது வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வேலைக்காக எதையெல்லாம் கழற்றுகிறீர்கள்? கழற்றிய பின் கைக்கு எட்டுகிற பொருள்களில் எது வயசானது? அதையும் மாற்றினால் பொருளின் விலை போகக் கூடுதல் கூலி எவ்வளவு? பதிலை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைமீது எனக்குக் கோபமில்லை. வெளியே வந்து கதவைத் திறந்துவிடும்போது அவரே மெல்லிய குரலில், "எங்களுக்கு மாதா மாதம் இவ்வளவு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், ஸார்" என்றார். உள்ளே சொல்ல முடியாத உண்மையை வாசலில் வந்து சொல்லும்படி ஒரு நல்ல பிள்ளையை ஆக்கி வைத்த முதலாளிமீதுதான் என் கோபமெல்லாம். பம்பை மாற்றியாயிற்று, வண்டியும் ஓடுகிறது. அந்த நிலையத்தின் மீது வைத்திருந்த நம்பிக்கைதான் அறுந்துவிட்டது. அதற்கு உதிரி பாகம் எந்தக் கம்பெனியும் விற்பதில்லை.