ரப்பரிலிருந்து ரேடியோவுக்கு

காலை வழிபாட்டுக்கு நாம் வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேலே பயிற்சி விமானம் இரைந்து செல்வது நமக்குப் புதிதன்று. விமானப் படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. மின்சார ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி, குரோம்பேட்டையில், சி. ராஜம் அவர்கள் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி. இருக்கிறது. அப்துல் கலாம் அவர்கள் விமானப் பொறியியல் பயின்றது அங்கேதான். இத்தனை அருகில் இருந்தும், நம் அறிவியல் கண்காட்சிக்கு வருபவை என்ன? வெள்ளித் தாள் ஒட்டிய அட்டை விமானம். இல்லையேல் அப்பா கடையில் வாங்கித் தந்த டிரோன். முன்னது பறக்காது. பின்னது பறக்கும், ஆனால் ஏன் பறக்கிறது என்று கேட்டால் கொண்டு வந்தவள் சிஸ்டரின் முகத்தைப் பார்ப்பாள்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பது எங்கள் கருத்து. ரப்பர் பட்டையை முறுக்கிப் பறக்கவிடும் சிறு பால்சா விமானத்தை எடுத்து, அதை மின் மோட்டாரும் ரேடியோவும் கொண்டதாக நாமே மாற்றுவதே அது. இது புதுமையும் அன்று. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் டீசல் எஞ்சினில் பறந்த தம் 'ரேடியோ குவீன்' மாதிரி விமானத்துக்கு மின் மோட்டாரும் வெள்ளி-துத்தநாக மின்கலங்களும் பொருத்தி, 1957 ஜூன் 30 அன்று பறக்கவிட்டார்.

நாங்கள் முயன்ற கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்கள் விமானம் 20 கிராம். செலவு மிச்சம் என்று பழைய கைப்பேசி பாட்டரியைக் கட்டினோம். மோட்டார், ரிசீவர் எல்லாம் சேர்ந்து எடை இரண்டு மடங்கைத் தாண்டியது. இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எடை இரட்டித்தால் விழாமல் இருக்க வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காக வேண்டும். இதைப் பாடப் புத்தகத்தில் படித்தபோது மதிப்பெண்ணாக மட்டுமே தெரிந்தது. கரும்பலகையில் மூக்கு மோதியபோதுதான் புரிந்தது. பிறகு 4 கிராம் லித்தியம் பாட்டரிக்கு மாறினோம். மொத்தம் 29 கிராம். ரப்பர் போன இடத்தில் பாட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, இறக்கையின் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விமானம் விரல்நுனியில் சமமாக நிற்கும்படி செய்தோம். அன்று பறந்தது.

பெற்றோர் அஞ்சுவது இரண்டு. சால்டரிங் சூடு ஒன்று. அடுப்படியில் அப்பளம் பொரிக்கப் பெண்ணை விடுபவர்கள் இதற்கு அஞ்சுவது எங்களுக்கு விளங்கவில்லை. மற்றது பாட்டரி, இந்த அச்சம் நியாயமானது. லித்தியம் பாட்டரி குத்துப்பட்டாலோ 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றினாலோ தீப்பிடிக்கக்கூடும். ஆகவே அதற்குரிய சார்ஜரில், ஆசிரியை முன்னிலையில் மட்டுமே மின்னேற்ற வேண்டும். உப்பிப்போனதைத் தொடவே கூடாது.

எங்கே பறக்கவிடுவது? மைதானத்தில் வேண்டாம் என்று நாங்களே சொல்கிறோம். ஒரு பக்கம் மீனம்பாக்கம், மறுபக்கம் விமானப் படைத் தளம். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தாராளமாகப் பறக்கவிட இடம் தரவில்லை. பொம்மைதானே என்று விட்டுவிட முடியாது. பள்ளிக் கூடமோ பெரியது; அதன் கூரைக்குக் கீழே எந்த விமானத்துக்கும் பாதை இல்லை.

எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' மாணவர் அணி 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. இதை வகுப்பில் சொன்னபோது யாரும் அசையவில்லை. அந்த அணிக்கு நடிகர் அஜித் குமார் ஆலோசகர் என்றதும் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்! போகட்டும், நிமிர்ந்தார்களே.

ஆகவே அடுத்த கண்காட்சியில், வாங்கி வந்த விமானங்களைக் காட்சிக்கு மட்டும் வைத்து, பரிசைச் சொந்தக் கையால் மாற்றியவற்றுக்கே தர வேண்டும் என்று தலைமைச் சகோதரி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சனிக்கிழமைகளில் கூடத்தின் சாவியும் வேண்டும். பறக்கவிடும் அரை மணி நேரம் மின்விசிறிகளை நிறுத்த வேண்டியிருக்கும்; வியர்வையை நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.