சூளைக்கு முன் ஒரு சோதனைத் துண்டு

விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். புதிய மேற்பூச்சை எடுத்த எடுப்பில் ஆயிரம் கோப்பைகளுக்குப் பூசுவாரா? மாட்டார். முதலில் சிறு துண்டில் பூசிச் சுட்டுப் பார்ப்பார். கெட்டாலும் போவது ஒரு துண்டுதான்!

கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு சோதனைத் துண்டு இருக்கிறது. அதன் பெயர் க்யூஎமு. பிரான்சு நாட்டு பெப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் வெளியிட்டது. விலை கிடையாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல அது நடிக்கும்.

கம்ப்யூட்டரின் வேலைகளையெல்லாம் மேய்க்கும் தலைமைப் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். சாதாரணமாகப் பொத்தானை அமுக்கியதும் ஒரு சிறு புரோகிராம் விழிக்கும். அது டிஸ்க்கைத் தேடும். டிஸ்க்கில் உள்ள இன்னொன்று கெர்னலை எழுப்பும். க்யூஎமுவில் இத்தனை வாசற்படி வேண்டாம். கெர்னல் எங்கே இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதினால் போதும். நேரே மெமரியில் ஏற்றி ஓட்டிவிடும்.

லினக்ஸ் கெர்னலை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? எழுத்துகள் மளமளவென்று ஓடும். பிறகு, ஆரம்பிக்கக் கோப்புகளே இல்லை என்று அலறிவிட்டு நின்றுவிடும்! பயப்பட வேண்டாம். கெர்னல் எழுந்துவிட்டது, அதற்குக் குடியிருக்க வீடு இல்லை, அவ்வளவுதான். மூடிவிட்டு மறுபடி தொடங்கலாம். சொந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு கெடுதலும் வராது.

இதெல்லாம் மேல்நாட்டார் சமாசாரம் என்று ஒதுக்காதீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' என்ற பிராசஸரை உருவாக்கினார்கள். 2018-ல் அந்தச் சிப்பில் லினக்ஸ் ஓடியது. சக்தியின் ஒரு வகை 2021-ல் க்யூஎமுவிலும் சேர்ந்தது. சக்தி போர்டைக் கண்ணால் பார்க்காத விருத்தாசலத்து மாணவியும், அதற்குப் புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கலாம்!

ஆகவே, போர்டு வாங்கப் பணமில்லை என்று சொல்லிக் கெர்னல் பாடத்தைக் கரும்பலகையோடு முடிப்பது நியாயமல்ல. பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதுமே!

"நடிப்பில் ஓடுவது நிஜத்தில் ஓடுமா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஓடாமலும் போகும். நிஜப் பொறியின் நேரக்கணக்கு வேறு. அதன் சூடும் மின்சாரக் கோளாறும் இதில் தெரியாது. துண்டில் மின்னிய பூச்சு பெரிய சூளையில் சுருங்குவதில்லையா? அதனால் கல்லூரிக்கு ஒரு நிஜ போர்டாவது வேண்டும். கடைசி மாதத்தில் அதைக் கையில் கொடுங்கள். அதற்கு முன் பிள்ளைகள் க்யூஎமுவில் நூறு தடவை தப்புச் செய்து பழகட்டும்.