பதிவேடு தேறிவிட்டது!

திருவதிகையில் நாவுக்கரசரின் சூலை தீர்ந்தது என்பார்கள். அங்கே வலியைச் சொன்னவர் வலிபட்டவர்தான். நம் தொழிற்பயிற்சியில் இந்தச் சிறு நியாயம்கூட இல்லை. 'உனக்கு என்ன தெரியவில்லை?' என்று தொழிலாளியைக் கேட்பவர் யார்?

பக்கத்து நெய்வேலியில், 2020 மே 7-லும் ஜூலை 1-லும் இரண்டாம் அனல்மின் நிலையத்துக் கொதிகலன்கள் வெடித்தன. நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் மாண்டனர். பயிற்சிக் குறைவே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நெருப்புக்கு இல்லாத பேதம் பயிற்சிக்கு எதற்கு?

பயிற்சி முடிந்ததும் தலைகளையும் சான்றிதழ்களையும் எண்ணுகிறோம். கற்றது வேலையில் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லி 1959-லேயே எழுதினார் அமெரிக்கரான டொனால்டு கிர்க்பாட்ரிக். ஆறு மாதம் கழித்துக் கொதிகலனருகே போய்ப் பாருங்கள், ஐயா! தேறியது தொழிலாளியா, வெறும் பதிவேடா என்பது அங்கே தெரியும்.