வைக்கோல் குப்பை இல்லை, குட்டீஸ்!



தென்காசியில் இருந்து குற்றாலம் போகும் வழியில் மேலகரம் வரும். 'குற்றாலக் குறவஞ்சி' பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. சாரல் சீசனில், அருவிக்குப் போகிற அவசரத்தில் நாம் அந்த ஊரைக் கவனிப்பதே இல்லை. அடுத்த முறை பஸ் ஜன்னல் வழியாக வயல்களையும் கொஞ்சம் பாருங்கள். கார், பிசானம் என்று நெல் விளைகிற பூமி!

சரி, ஒரு கேள்வி. அறுவடை முடிந்ததும் நெல் வீட்டுக்கு வந்துவிடும். வைக்கோல்?

'மாட்டுக்கு!' என்கிறீர்களா? சபாஷ். முன்பெல்லாம் மாடு உள்ள வீடுகளில் வைக்கோல் படப்பு இருக்கும். இப்போது பல ஊர்களில் மாடுகள் குறைந்துவிட்டன. அறுவடை மெஷின் வைக்கோலை வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. அதைச் சேர்த்து எடுக்க ஆள் கூலி ஆகும். அதனால் சில இடங்களில் தீ வைத்துவிடுகிறார்கள். பஞ்சாப், ஹரியானாவில் அடுத்து கோதுமை விதைக்கச் சில வாரங்களே இருக்கும். அந்த அவசரத்தில் கொளுத்துகிற புகை, டில்லி வரை போய்க் குழந்தைகளை இரும வைக்கிறது.

எரிவது வெறும் குப்பை என்றா நினைக்கிறீர்கள்? ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஒரு வாய் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். மெல்ல மெல்ல இனிக்கும். எச்சிலில் உள்ள நொதி, சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால்தான் அந்த இனிப்பு.

வைக்கோலில் உள்ள செல்லுலோசும் சர்க்கரைச் சங்கிலிதான்! ஆனால் அதன் முடிச்சு வேறு மாதிரி. நம்மால் அவிழ்க்க முடியாது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அவிழ்க்கும். அந்த வேலையைத் தொட்டியில் நொதிகளை வைத்துச் செய்து, கிடைக்கும் சர்க்கரையை ஈஸ்ட்டிடம் கொடுத்தால், எத்தனால் தயார். பெட்ரோலோடு கலக்கும் எரிபொருள் அது!

ஹரியானா மாநிலம் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை, 2022 ஆகஸ்ட் 10ம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் இருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் இலக்கு. கணக்குப் போட்டால், ஒரு டன் வைக்கோலுக்கு 150 லிட்டர்!

அசாம் மாநிலம் நுமாலிகரில் 2025ல் திறந்த ஆலையில் மூங்கில்தான் மூலப்பொருள். எத்தனாலோடு, வினிகரில் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலமும், பிசின் தயாரிக்க உதவும் ஃபர்ஃபுராலும் அங்கே கிடைக்கின்றன.

இன்று நம் நாட்டில் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் பெரும்பகுதி கரும்பு, மக்காச்சோளம், அரிசியில் இருந்து வருகிறது. சாப்பிடுகிற பொருளை வண்டிக்குக் கொடுப்பதைவிட, எரித்து வீணாக்கும் வைக்கோலைக் கொடுப்பது நல்லதுதானே?

ஆனால், இது சுலபமான வேலை இல்லை. வைக்கோல் எடை குறைவு. இடமோ நிறைய அடைக்கும். கட்டுக் கட்டி, லாரியில் ஏற்றி, மழையில் நனையாமல் காக்க வேண்டும். அந்தச் செலவுக்கு மேல் விவசாயிக்கு விலை கிடைக்காவிட்டால் யார் விற்பார்? கொளுத்துகிறவரைத் திட்டினால் மட்டும் போதாது. வைக்கோலுக்கு நியாயமான விலை கிடைக்க வழி செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் ஆலைக்கு அனுப்பிவிடவும் கூடாது குட்டீஸ். முதல் பங்கு மாட்டுக்கு. அடுத்தது மண்ணுக்கு... மட்கினால் உரம் ஆகுமே! மிச்சம்தான் ஆலைக்கு. நெருப்புக்கு மட்டும் பங்கே கிடையாது.

இந்த வாரம் உங்கள் தாத்தாவிடமோ, தெரிந்த விவசாயியிடமோ, 'உங்க வயல் வைக்கோலை என்ன செய்றீங்க?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். நாளைக்கு இதற்கு வழி கண்டுபிடிக்கப் போகிற விஞ்ஞானி, மேலகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டு இருக்கலாம்.

அது நீங்களாகவே இருக்கலாமே!