மின்சாரம் கையைப் பழக்குமா?

பட்டுக்கூட்டு அங்காடிக்குப் பெயர் பெற்ற ஊர் தர்மபுரி. வெந்நீரில் மிதக்கும் கூட்டிலிருந்து மயிரினும் மெல்லிய இழையின் நுனியை எடுத்து, ஓடும் நூலோடு சேர்ப்பது ஒரு நாளில் வரும் வித்தையல்ல. அந்த வித்தை விரலில் இருப்பதாகச் சொல்வது வழக்கம். உண்மையில் அது குடியிருப்பது மூளையில்.

பக்கவாதம் தாக்கி மூளையில் அந்த இடம் கெட்டுவிட்டால், கையில் பழுது இல்லாவிட்டாலும் கை எழும்பாது. சோற்றுக் கவளம் எடுப்பதைக்கூடக் குழந்தையைப் போல மறுபடி பழக வேண்டும்.

இந்தப் பழக்கத்தை மின்சாரத்தால் விரைவுபடுத்த முடியுமா?

முடியலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். மண்டையைத் திறக்காமல், நனைத்த பஞ்சுத் தகடுகளைத் தலைமேல் வைத்து 1 மில்லி ஆம்பியர் மின்சாரம் செலுத்தினால், கையை இயக்கும் மூளைப்பகுதி சற்றே விழிப்படைகிறது. ஜெர்மனியில் நிட்ஷே, பவுலஸ் என்ற இரு டாக்டர்கள் 2000-ம் ஆண்டில் இதைக் காட்டினார்கள். மனநோய்க்குக் கொடுக்கும் 'ஷாக்' அல்ல இது. நினைவு தப்பாது, தோலில் கொஞ்சம் குறுகுறுப்பு இருக்கும், அவ்வளவுதான்.

2009-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியாயிற்று. விரல்களால் ஒரு கருவியை அழுத்தித் திரையில் புள்ளியை நகர்த்தும் பயிற்சி. 5 நாள், தினம் 20 நிமிட மின்சாரம். மின்சாரம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆதாயத்தின் பெரும்பகுதி பயிற்சி நேரத்தில் வரவில்லை. ஒரு நாள் பயிற்சிக்கும் மறுநாள் பயிற்சிக்கும் இடையே வந்தது! 3 மாதம் கழித்தும் அவர்களே முந்தி நின்றார்கள்.

ஆனால் அவர்கள் நல்ல உடல்நலம் உள்ளவர்கள். பக்கவாத நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அண்டையிலுள்ள பெங்களூரு நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் இம்முறை ஆராயப்படுவதும் முக்கியமாக மனநோய்களுக்கே. ஆகவே, 'கை நிச்சயம் எழும்பும்' என்று யாராவது மிஷினை விலை பேசினால் நம்ப வேண்டாம். வீட்டு பாட்டரியை வைத்துச் சோதனை செய்வதோ ஆபத்து. வலிப்பு உள்ளவர்களும் தலைக்குள் உலோகம் வைத்திருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதன் பக்கமே போகக்கூடாது.

அந்தச் சோதனையில்கூட மின்சாரம் மட்டும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. விரல் தினமும் வேலை செய்தது. மின்சாரம் கூட நின்றது. தினப் பயிற்சி இல்லாத இடத்தில் மிஷின் வந்து என்ன செய்யும்?

சித்தேரி மலையிலிருந்து ஒரு நோயாளியைத் தூக்கிக்கொண்டு தினமும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா? கூலி போகும்; துணைக்கு வருபவரின் கூலியும் போகும். 2004 வரை இம்மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்டு 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு தேடி வந்து உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பதும் அத்திட்டத்தில் அடக்கம். சரியான ஏற்பாடு. பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில்தான் கை அதிகமாகத் தேறுகிறது. அந்த மாதங்களில் சிகிச்சையாளர் எந்தெந்தக் கிழமை வருவார் என்பதை மலைக் கிராமங்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, அவர் வராத நாட்களில் செய்யவேண்டிய பயிற்சியை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்க அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.